கால்களை மட்டும் பார்த்தவள்

அவள் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆகவே நானும் அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கார்ட்டூன் படம் எடுத்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "இந்தப் பக்கத்துலயே படம் வரைஞ்சு ஓடவிட்ட முதல் பெண்மணி அவங்கதான்மா. நீங்க அவங்க ஸ்டுடியோவில வேலை பார்த்தவங்களாமே, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றாள். நாலு நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? நான் ‘அவள்’ என்று சொல்லச் சொல்ல, வந்த பெண் தன் நோட்டில் ‘அவர்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அது வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் அவளிடம் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. டிராயிங் டீச்சர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு, எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆர்டர் வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பீச் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் மாடி வீடு. கீழே புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்தார்கள், மேலே ஸ்டுடியோ. இரண்டு பேரும் நாசரேத் பக்கத்துக்காரர்கள். சென்னையில் சினிமாக் கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து கடை விரித்தவர்கள். தியேட்டரில் இடைவேளை முடிந்ததும் ஓடுமே, ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் விளம்பரப் படம், அதைத்தான் எடுத்தார்கள். குடை, பல்பொடி, மிட்டாய், செருப்பு.

வேலை கேட்டுப் போன அன்று நான் வரைந்த படங்களை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

"அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டு வா."

போய்விட்டு வந்தேன்.

"இன்னொரு தடவ. வேகமாப் போ."

மூன்று தடவை நடக்கவைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அப்படி நடக்கவைத்ததில்லை. பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்து, "வலது குதிகாலத் தேய்க்கா, பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது, பெயரும் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் ‘குதிகால்’. "ஏளா குதிகால், மை உறையுது, மூடி போடு." என்னோடு வேலை பார்த்த முத்தையாபுரத்துப் பெண்ணுக்கு ‘அவசரம்’ என்று பெயர். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்கிற பதற்றத்திலேயே நடப்பாளாம்.

அவள் மனிதர்களை இடுப்புக்குக் கீழேதான் பார்ப்பாள். இது மிகையில்லை. வருஷம் முழுக்க அவளிடம் வேலை பார்த்த என்னை ஒரு நாள் கடைத்தெருவில் நேருக்கு நேர் பார்த்தாள். யாரோ மாதிரி போனாள். நான் கடந்துபோய்ப் பத்து எட்டு வைத்த பிறகு பின்னாலிருந்து, "ஏளா, நாளைக்கு சீக்கிரம் வா" என்று குரல் கொடுத்தாள். கேட்டால், "மூஞ்சியில என்ன இருக்கு? ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. எல்லாருக்கும் அதேதான்" என்பாள். மாடி ஜன்னல் ஓரத்தில் அவளுடைய மேஜை. உப்பு மூட்டை சுமக்கிறவர்கள், மீன்கூடைக்காரிகள், துறைமுகத்துக்குச் சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். அவர்கள் யாருக்கும் தெரியாது, மேலே ஒருத்தி உட்கார்ந்து தங்கள் நடையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று. கேட்டு எடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுடைய மாமியார் இறந்தபோது நாங்கள் இரண்டு பெண்களும் அவர்கள் ஊருக்குப் போயிருந்தோம். சவப்பெட்டியை நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். முன்னால் வலது பக்கம் அவள் புருஷன். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். அழுதுகொண்டே, தடுமாறித் தடுமாறி நடந்தார். எல்லாரும் பாட்டுத்தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டுத்தாளைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தாள். என்னத்தை? எட்டுக் கால்களை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மிட்டாய்க் கம்பெனிக்குப் படம். நான்கு எறும்புகள் ஒரு மிட்டாயைத் தூக்கிக்கொண்டு போகும். சென்னையில் கழுவி, டப்பாவில் அடைத்து ரயிலில் வந்த பிலிமைச் சுவரில் வேட்டி கட்டி ஓட்டிப் பார்த்தோம். முன்னால் வலது பக்கம் போகும் எறும்பு இரண்டு எட்டுக்கு ஒரு தடவை தடுமாறிச் சுதாரிக்கும். அவ்வளவு தத்ரூபம். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம் இருக்கே" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அவர் ஏன் எழுந்து போனார் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் எனக்கு அன்று பயமாக இருந்தது.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் கேட்டு வருகிற முதலாளிகள் எல்லாரும் மாஸ்டர்தான் வரைகிறார் என்று நினைத்தார்கள். "கையா அது, தங்கம்லா அண்ணாச்சி" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவர் ஒவ்வொரு தடவையும், "நான் கேமரா மட்டுந்தான். வரையறது என் வீட்டுக்காரி" என்பார். அவர்கள் நல்ல ஜோக் கேட்டது மாதிரி சிரித்துவிட்டு, உள்ளே பார்த்து, "அம்மா, ஒரு காப்பி கிடைக்குமா?" என்பார்கள். அவள் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவருவாள். தட்டை வைக்கும்போது முதலாளி காலை எப்படி மடக்கி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பாள். அதற்காக நான் அவள்மேல் இரக்கப்பட்டதுண்டு. இப்போது அந்த இரக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் அவள் எனக்குச் செய்தது புரியும். ஒரு விநாடி படம் ஓட, பன்னிரண்டு படமாவது வரைய வேண்டும். அவள் பென்சிலில் காகிதத்தில் வரைந்து, மூலையில் நம்பர் போட்டுத் தருவாள். கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு தாளை அதன்மேல் வைத்து, நாங்கள் மையில் கோடு இழுத்து, பின்பக்கம் வர்ணம் பூசுவோம். மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வைத்துப் படம் பிடிப்பார். எல்லாம் முடிந்தபின் அந்தத் தாள்களைத் தொட்டியில் போட்டுக் கழுவி, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கால் தூக்கிய ஒரு ஆள், கால் வைத்த ஒரு ஆள். ஆனால் வரிசையாக வந்தால், கோடு இழுக்கிற எங்களுக்கே கட்டை விரலால் தள்ளிப் பார்த்து நடையைக் கண்டுபிடித்துவிட முடியும். அந்தக் கடல் காற்றில் மை காயாது, தாள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் பென்சிலால் விரல் முட்டியில் அடிப்பாள். அதற்கும் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

என் அப்பா சங்கு குளிக்கிறவர். சின்ன வயதில் முத்துக் குளிக்கவும் போயிருக்கிறார். விடியற்காலை வள்ளத்தில் போனால் மதியம் திரும்பிவிடுவார். அம்மா இல்லாத வீடு. நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்து, ஸ்டுடியோவுக்கு எதிரே பூவரச மரத்தடியில் நிற்பார். அவருக்குக் காதில் அடிக்கடி சீழ் வடியும். குளிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது உண்டு என்பதால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நடக்கும்போது கொஞ்சம் சாய்வார். வள்ளத்திலேயே நின்று பழகியவர் தரையில் அப்படித்தான் நடப்பார் என்று நானும் நினைத்தேன், எங்கள் தெருவும் நினைத்தது.

ஒரு நாள் அவள் ஜன்னலிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஐயா, அங்கன முக்குல டீக்கடை இருக்குலா, ஒரு கிளாஸ் டீ வாங்கிட்டு வாங்களேன். ரொம்பத் தளும்பத் தளும்ப ஊத்தச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா இவளுக்கு எடுபிடியா? ஆனால் அப்பா சிரித்துக்கொண்டே போனார். தளும்பும் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறி வந்து வைத்தபோது பாதி டீ அவர் சட்டையில் இருந்தது. அவள் டீயைக் குடிக்கவே இல்லை. மறுநாளும் வாங்கிவரச் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். "பாவம், நல்ல அம்மா. என்னைய மதிச்சு ஒரு வேலை சொல்லுதா" என்றார் அப்பா.

பிறகு செருப்புக் கம்பெனிப் படம் வந்தது. தொப்பையும் முறுக்கு மீசையுமாக ஒரு ஆள். வெறுங்காலோடு தள்ளாடி வருவான், விழுவான். அப்புறம் செருப்புப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நடப்பான். தள்ளாடுகிற பாகம் முழுவதையும் எனக்குக் கொடுத்தாள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் நம்பர் வரிசையாக இல்லை. நாற்பத்தொன்று, ஏழு, அறுபது, பன்னிரண்டு என்று கலைத்துக் கொடுத்தாள். ஏதோ அவசரம் என்று நினைத்தேன். நூற்றுக்கும் மேல் கோடு இழுத்தேன். வர்ணம் பூசினேன். படம் பிடித்து முடித்ததும் நானேதான் தொட்டியில் போட்டுக் கழுவினேன்.

ஐப்பசியில் அது தியேட்டருக்கு வந்தது. என் கை பட்ட படத்தை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கூட்டிக்கொண்டு போனேன். அந்த வருஷத்துச் சங்குக் குளிப்பு தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. அப்பா சந்தோஷமாக இருந்தார், வள்ளத்தில் பாதிப் பேர் அன்று தியேட்டரில் இருந்தார்கள். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது. தொப்பைக்காரன் கடற்கரையில் நடந்து வந்தான். இடது பக்கம் சாய்ந்தான். வலது காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நொடி காற்றில் நிறுத்தி, பிறகு வைத்தான். திரும்புவதற்கு முன்னால் நின்றான். கை எதையோ தேடியது.

முகம் அப்பாவுடையது இல்லை, உடம்பும் இல்லை. ஆனால் நடப்பது என் அப்பா.

தியேட்டரே சிரித்தது. முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே, இது நம்ம ரோசாரி அண்ணன் நடைலா!" அதற்குமேல் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவன் எழுந்து இரண்டு வரிசைக்கு நடுவில் அப்படியே நடந்து காட்டினான். நான் பக்கத்தில் பார்த்தேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இப்படியா நடக்கேன்?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் கவனிக்காத ஒன்றை ஊர் முழுக்கக் கவனித்துவிட்டது. நான்காம் நாள் வள்ளத்துச் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். வள்ளம் அவருடையது, ஆட்களும் அவருடைய ஆட்கள். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். கையில் ஒரு கயிறு. வாசல் மணலில் அதை நீளமாகப் போட்டார்.

"ஏலே ரோசாரி, இது மேல நடந்து காட்டு பாப்போம்."

"என்ன சம்மாட்டி, சின்னப் பிள்ளை மாதிரி…"

"நடடே."

அப்பா நடந்தார். மூன்றாவது எட்டில் கயிறு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மறுபடி நடந்தார். இந்தத் தடவை இரண்டாவது எட்டு. தெருவே வாசலில் நின்றது. மூன்றாவது தடவை நடக்கப் போனவரைச் சம்மாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து கயிற்றைச் சுருட்டினார்.

"காது போச்சுடே உனக்கு. தண்ணிக்குள்ள மேல எது கீழ எதுன்னு தெரியாமப் போயிரும். நான் ஏத்த மாட்டேன். என்னைய மன்னிச்சுக்கோ."

அப்பாவுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார். நல்ல வெயிலில், அகலமான தெருவில்கூட, சுவரைத் தொட்டுக்கொண்டு ஓரமாகவே நடந்தார். யாராவது பின்னால் வந்தால் அவர்கள் தாண்டிப் போகிறவரை நின்றுகொள்வார். மாதா கோயில் திருவிழாவுக்கு வருவதை நிறுத்தினார். அவரைப் பார்த்து, "அந்தப் படம் இல்லேன்னா நீ கடலுக்குள்ளயே போயிருப்படே. அந்தம்மா உன் உசிரக் காப்பாத்திருக்கா" என்று சொன்னவர்கள் உண்டு. மதுரைப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். கேட்கிறவர்களுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

நான் அவள் படம் வரைந்து வைத்திருந்த நோட்டைப் பார்த்தவள். எனக்கு அது நன்றாக இல்லை.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சம்மாட்டி போன மறுநாள் காலை நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாவ ஏன்மா வரைஞ்சீங்க?"

"உங்க அப்பாவ நான் எங்க வரைஞ்சேன்? உங்க அப்பாவுக்குத் தொப்பை இருக்கா?"

"நடை அவருதுலா."

"ஆமா. நல்ல நடை."

"ஊரே சிரிக்கு."

"சிரிக்கத்தானே எடுக்கோம்."

"எனக்கு மட்டும் ஏன் நம்பரக் கலைச்சுக் குடுத்தீங்க?"

அவள் சீவுவதை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். "வரிசையாக் குடுத்திருந்தா நீ கண்டுபிடிச்சிருப்ப. கை நடுங்கும். கோடு கெட்டுப்போகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவர வள்ளத்துல ஏத்த மாட்டேன்னுட்டாங்கம்மா" என்றேன். "நீங்க கேலி பண்ணுனதுல அவரு பொழப்பே போச்சு."

‘கேலி’ என்ற வார்த்தைதான் அவளுக்குச் சுட்டது. "கேலியா? நான் யாரையும் கேலி பண்ணல. கேலி பண்றவ இவ்வளவு கஷ்டப்படுவாளா? இங்க பாரு" என்று ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். தன் உழைப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் தணிந்துவிடும் என்று நம்பினாள்.

பக்கம் பக்கமாக அப்பா. பூவரச மரத்தடியில் அப்பா, படியேறுகிற அப்பா, கிளாஸ் பிடித்த அப்பா. ஒவ்வொரு பக்கத்திலும் மாதம் குறித்திருந்தாள். ஜனவரியில் லேசான சாய்வு. மார்ச்சில் வலது கால் காற்றில் நிற்கிறது. ஜூனில் கை சுவரைத் தேடுகிறது. மார்ச் பக்கத்துக்குக் கீழே அவளுடைய குண்டுக் கையெழுத்தில், ‘இன்னும் நன்றாக வருகிறது’. ஜூனில், ‘டீ சிந்துகிறது. அருமை’.

மார்ச் மாதம் அப்பா தினமும் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"மார்ச்சுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். "அவரு அப்ப தண்ணிக்குள்ள போயிட்டு இருந்தாரும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"என்னத்த சொல்ல?"

"அவரு நடை மாறுதுன்னு."

"மாறிச்சு" என்றாள். "அழகா மாறிச்சு."

நடிக்கவில்லை. நடித்திருந்தால் அன்றைக்கே காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன்.

நோட்டை மேஜையில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தேன். கண்ணீரில் வாசல் சரியாகத் தெரியவில்லை. நான்கு எட்டு வைத்திருப்பேன். பின்னால் காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நான் நின்றேன். சத்தமும் நின்றது. ஒரு எட்டு வைத்தேன். மறுபடி பென்சில் ஓடியது.

என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. வாசலுக்கு இன்னும் பத்து எட்டாவது இருந்தது. பத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குதிகால் தேய்வதைக்கூட அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம். மாஸ்டர் எழுந்து வந்தார். எனக்கும் அவளுக்கும் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி அகலமாக நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"போம்மா" என்றார். "நான் நிக்கேன். நீ போ."

நான் நடந்து படியிறங்கினேன். கீழே சந்தில் கால் வைக்கிறபோதும் மேலே ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நகருங்க. மறைக்காதீங்க. நகருங்க."